மூச்சு இழுக்கும் ஊர்

"இன்னொரு தடவை சொல்லு. 'தாத்தா, நான்தான் பேசறேன்.' அந்த ஊர்க்காரி பேசற மாதிரியே வரணும்."

மேனேஜர் மேஜை ஓரத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் இங்கிலீஷில் சொல்லிக் காட்டினாள்.

ஊரில் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுத்தவள் என்பதால் இங்கே அவளுக்கு அந்தப் பெயர். வெளிநாட்டில் வேலை, கை நிறையச் சம்பளம் என்ற விளம்பரத்தை நம்பி வந்தவள். வந்து இறங்கியதுமே பாஸ்போர்ட்டை வாங்கி மேனேஜர் தன் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். ஜன்னல் கண்ணாடிகளுக்கெல்லாம் கறுப்புப் பெயின்ட் அடித்த கூடம். கடல் தாண்டி இருக்கிற வயசானவர்களுக்குப் போன் போட்டு, பேரன் பேத்தி மாதிரி அழுது பணம் பிடுங்குவதுதான் அந்தக் கை நிறையச் சம்பள வேலை.

"நல்லாத்தான் இருக்கு. அது என்ன, ஒவ்வொரு தடவை பேசி முடிக்கறப்பவும் மூச்சை உள்ளே இழுக்கறே?"

"அந்த ஊர்ப் பேச்சே அப்படித்தான் சார். கேட்டுப் பாருங்க."

அவள் கம்ப்யூட்டரைத் திருப்பினாள். இங்கிலீஷ் பேசுகிற ஊர்களையெல்லாம் உலகப் படத்தில் புள்ளி வைத்துக் காட்டும் இணையதளம் அது. புள்ளியைத் தொட்டால் அந்த ஊர்க்காரர் ஒருவர் பேசுவார். பக்கத்திலேயே ஊர்வாரியாகக் கொச்சை வார்த்தைகளுக்கு அகராதியும் உண்டு. யாரோ புண்ணியவான்கள் ஆசை ஆசையாகச் சேர்த்து வைத்தது. இப்படி ஒரு கூடத்தில் இதற்குப் பயன்படும் என்று அவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

வடக்கே ஒரு சின்ன மீன்பிடித் துறைமுகம். அந்தப் புள்ளிக்கு ஒரே ஒரு குரல்தான் இருந்தது. இளம்பெண் ஒருத்தி. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் மூச்சை உள்ளே இழுத்தாள். அதைக் கேட்டுக் கேட்டு, டீச்சருக்குத் தூக்கத்தில்கூட மூச்சு அப்படித்தான் வந்தது.

"பிச்சு உதறிட்டே போ!" என்றார் மேனேஜர். "அந்த ஊர்ல பெரிய பார்ட்டி ஒண்ணு மாட்டட்டும். பாஸ்போர்ட்டைக் கையில கொடுத்து ஏர்போர்ட்ல நானே கொண்டுபோய் விடறேன். பெத்த பொண்ணைப் போய்ப் பாரு."

சும்மா சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து அவள் கண்ணெதிரில் மேஜைமேல் வைத்தார்.

அவள் கிளம்பியபோது மகளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. இப்போது வாய் ஓயாமல் பேசுகிறாள் என்று வீட்டிலிருந்து எழுதியிருந்தார்கள்; வீட்டுக்குப் போன் பேச இங்கே விடுவதில்லை. ஊர் பேர் தெரியாத யார் யாருடைய குரலோ காதுக்குள் கிடக்கிறது, மகளின் குரல் எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியாது.

அந்த ஊர்ப் பட்டியலில் முதல் எண்ணில் ஒரு பாட்டி, "எனக்குக் கல்யாணமே ஆகலியே, பேத்தி எங்கேருந்து வந்தா?" என்று கேட்டு போனை வைத்துவிட்டாள். அடுத்த எண்ணில் ஒரு கிழவர் எடுத்தார்.

"தாத்தா, நான்தான் பேசறேன்." மூச்சை உள்ளே இழுத்தாள்.

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே விழுந்து உருண்டது.

"கண்ணு... நீயா?"

"ஆமா தாத்தா. காரைக் கொண்டுபோய் ஒருத்தர் மேல இடிச்சுட்டேன். போலீஸ் பிடிச்சு வெச்சிருக்காங்க. அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். மூச்சு வாங்குதா? உட்கார்ந்து பேசு கண்ணு. அவசரமே இல்ல."

வழக்கமாக எந்த ஸ்டேஷன், எந்த வக்கீல் என்று ஆயிரம் கேள்வி வரும். இவர் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்றார், குளிர்கிறதா என்றார். படகுத்துறையைப் பற்றி ஏதாவது சொல்லச் சொன்னார். அகராதியில் படித்த கொச்சை வார்த்தைகளை எல்லாம் போட்டு அவளும் அளந்தாள். கிழவர் சிரித்தார், பிறகு மூக்கை உறிஞ்சினார். ஜாமீன் பணத்தை எந்தக் கணக்குக்கு அனுப்பச் சொன்னாளோ, மறுபேச்சில்லாமல் அதற்கு அனுப்பினார்.

இன்னொரு ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்த மேனேஜர், பணம் ஏறியதைப் பார்த்ததும் பாஸ்போர்ட்டை அவள் பக்கம் தள்ளினார். டீச்சர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒரு அப்பாவிக் கிழவர் வயிற்றில் அடித்துவிட்டோமே என்று கண் கலங்கியது. ஆனாலும் பிடியைத் தளர்த்தவில்லை.

"வெச்சிடறேன் தாத்தா."

"வெச்சிடாதேம்மா." கிழவரின் குரல் தணிந்திருந்தது. "நீ யாரோ, எங்கேருந்து பேசறியோ, எனக்குத் தெரியாது. எங்க ஊர்ல யாரும் இப்படி மூச்சு இழுக்க மாட்டாங்க. என் பேத்தி ஒருத்திதான். நுரையீரல்ல வியாதி. போய்ச் சேர்றதுக்கு முன்னாடி அந்த இணையதளத்துக்குப் பேசிக் கொடுத்தா. இன்னிவரைக்கும் அதைத்தான் போட்டுப் போட்டுக் கேட்டுட்டிருக்கேன். அது சொன்னதையேதான் சொல்லும். நீ இன்னைக்குப் புதுசா நாலு வார்த்தை பேசினே. தினமும் கூப்பிடும்மா. வீட்டை வித்தாவது பணம் அனுப்பறேன்."

மேனேஜர் எழுந்து வந்தார். டீச்சரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து பாஸ்போர்ட்டை எடுத்தார். மறுபடியும் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

"தினமும் கூப்பிடறேன்னு சொல்லு," என்றார். "அந்த மூச்சோட."