கீழே தெரிந்த புகை

டமாரென்ற சத்தத்தில் அழகுத்தாயின் கையிலிருந்த தீப்பெட்டி நழுவி விழுந்தது. கொளுத்துவதற்காக அவள் குவித்து வைத்திருந்த காய்ந்த பருத்திமார்ச் சுள்ளிகளுக்கு அப்பால், கரிசல் காட்டில் ஒரு சின்னப் பயிற்சி விமானம் மூக்கு தரையில் குத்தி எரிந்துகொண்டிருந்தது. தனியாக ஓட்டி வந்த இளைஞர் பிழைக்கவில்லை.

அழகுத்தாய் போட்ட தீயால் வந்த வினை என்று ஊரே பேசியது. மூன்றாம் நாள் விசாரணை அதிகாரி வந்தார்.

"புகையைப் பார்த்துட்டுத்தாம்மா ரொம்பத் தாழ இறங்கியிருக்கார். அதுல வேகம் குறைஞ்சு விழுந்துட்டார்."

"காளியம்மா மேல சத்தியமா நான் குச்சியே உரசல சார்! அதுக்குள்ள விழுந்துட்டு. அவிய சாவுக்கு நானா காரணம்?"

"நீங்க இல்லம்மா. அன்னைக்கு இந்தப் பக்கம் வேற விமானமே பறக்கல. ஆனா ரேடியோவுல அவர் கடைசியாச் சொன்னது, 'கீழே பருத்திக் காட்டுல ஒரு விமானம் விழுந்து எரியுது, கிட்டப் போய்ப் பார்க்கிறேன்.'"