எட்டாவது இடம்

எட்டுப் பேர் நான்கு ஜோடிகளாக ஆடவேண்டிய நடனத்துக்கு ஏழு பேர்தான் நின்றார்கள். இஷ்பெலின் கணவன் கிரெகோர், புதிதாக வந்த நர்ஸோடு ஆட அடுத்த குழுவுக்குத் தாவியிருந்தான்.

"ஆளில்லன்னா பேயோட ஆடணும். தெரியாததா என்ன?" என்றாள் ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் மோராக். மெல்ரோஸ் ஊர் சர்ச் ஹாலில் அது பழைய வழக்கம். காலி இடத்தை நோக்கிக் கை நீட்டி, ஆள் இருப்பதாகவே வைத்துக்கொண்டு சுற்றிவர வேண்டும்.

"எம் புருஷனவிடப் பேயே மேல்" என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள் இஷ்பெல். மூன்று செவ்வாய்க்கிழமைகள் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினாள். கிரெகோர் எப்போதும் தாளத்துக்குப் பிந்துவான். காலி இடம் ஒருமுறைகூடப் பிந்தவில்லை.

"உன் ஆளுக்கு முரட்டுப் பிடி. கொஞ்சம் சொல்லிவை" என்றார், வட்டத்தில் காலி இடத்துக்கு அடுத்து, அந்தப் பக்கமாகக் கை நீட்டி ஆடிய தச்சர் டூகல்.

"உங்க கிண்டலை வேற எங்கயாவது வெச்சுக்குங்க!"

அவர் சிரிக்கவில்லை. சிவந்திருந்த உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

நான்காம் வாரம் நர்ஸ் வரவில்லை. கிரெகோர் கில்ட் பாவாடையின் மடிப்பை நீவியபடி, அசடு வழிய இஷ்பெலுக்கு எதிரே வந்து நின்றான்.

"அங்க ஆள் இருக்கு. தள்ளு."

"யாரு? பைத்தியமா உனக்கு?"

"மூணு வாரமா நான் யாரோட ஆடினேன்னு நெனச்ச?"

அக்கார்டியன் தொடங்கியது. அவள் வலது கையை அவனுக்குப் பக்கத்தில் வெறும் காற்றில் நீட்டினாள். ஜோடியின் பிடியை நம்பிச் சாய்வதுபோல், இருந்த கோபத்தோடு முழு எடையையும் பின்னால் சாய்த்தாள். பதறிப்போன கிரெகோர் அவளைத் தாங்கக் கைகளை விரித்தான்.

அவள் விழவில்லை. சாய்ந்தபடியே ஒரு முழுச் சுற்று சுற்றிவந்தாள்.