செவலையின் குரல்

செங்கல் சூளைக் கழுதைகளுக்குக் கால்நடை மருந்துக் கம்பெனி வலியை உணர்ந்து பேசும் கழுத்துப்பட்டையை இலவசமாக மாட்டியிருந்தது. வலிக்கிறது என்று பட்டை சொல்லிவிட்டால் உடனே பாரத்தை இறக்கியாக வேண்டும். செவலை என்ற கழுதை செத்த பிறகு அது சுமந்த கற்களைச் சூளைக்கூலி பவளக்கொடி தலையில் சுமந்தாள். கம்பெனி வண்டி வந்து வாங்கிக்கொள்ளும்வரை தொலைந்துவிடக் கூடாதென்று பட்டையைத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டாள்.

மேடேறும்போது அவள் தாடைக்குக் கீழிருந்து அந்தப் பழைய குரல் எழுந்தது.

"நான் செவலை. கழுத்து வலிக்குது. இறக்குங்க."

மேஸ்திரி பதறி ஓடிவந்தார். "ஏ பவளக்கொடி, கழுதை எங்க?"

"அது செத்து எட்டு நாளாச்சுங்களே."

"அட, உனக்குத்தானா?" அவருக்கு மூச்சு வந்தது. "சரி, நட."

அவள் நடந்தாள். செவலைதான் அவளுக்காகக் கெஞ்சிக்கொண்டே வந்தது.