டப்பாவில் வந்த வறுவல்

“அடேங்கப்பா! இன்னிக்கி வச்சியே ஒரு வறுவல், இன்னா ருசி, இன்னா ருசி!”

சைக்கிளைச் சுவரில் சாய்க்கும்போதே ராஜவேலு சொன்னான்.

கனகாம்பாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் கொடுத்தனுப்பியது வெறும் சோறும் நாரத்தங்காய் ஊறுகாயும்தான். கைக்குழந்தை விடாமல் அழுததில் அடுப்பில் வேறெதையும் ஏற்ற முடியவில்லை.

குத்திக் காட்டுகிறானோ என்று முகத்தைப் பார்த்தாள். இல்லை. தேர் பார்த்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி மலர்ந்துபோய் நின்றான்.

“அதுல இன்னா இன்னா போட்டேன், சொல்லு பாக்கலாம்?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“சக்கரவள்ளிக் கிழங்கு. மேல மொறுமொறுன்னு, உள்ள வெண்ண மாதிரி. வேர்க்கடலைய வறுத்து ஒண்ணும் பாதியுமா இடிச்சித் தூவிருக்கிற. வெல்லத்த எங்க ஒளிச்சி வச்சியோ, அதான் தெரியல. நாக்குக்குத் தெரியுது, கண்ணுக்குத் தெரியல!”

அந்த வாரம் முழுக்க ஊறுகாய்தான் போனது. வாரம் முழுக்க வறுவலைத்தான் புகழ்ந்தான்.

டப்பா அவர்கள் வீட்டு டப்பாவேதான். அப்படியானால் வழியில் யாரோ வைக்கிறார்கள். வழியில் இருப்பது கங்கம்மா ஒருத்திதான்.

கும்மிடிப்பூண்டியில் புதுசு புதுசாகக் கம்பெனி வந்துகொண்டிருந்த நேரம் அது. ஆரம்பாக்கத்து வீடுகளில் சாப்பாட்டு டப்பாக்களை வாங்கிக் கூடையில் அடுக்கி, ரயிலேறிக் கொண்டுபோய்க் கம்பெனி வாசலில் கொடுப்பது கங்கம்மாவின் வேலை. கட்டினவனை விட்டுவிட்டு வந்தவள். வெற்றிலைச் சிவப்பும் சிரிப்புமாகத் திரிகிறவள்.

ஆம்பிளையை மயக்க மருந்து வைப்பார்கள், அதையும் இனிப்பில் வைத்தால்தான் தெரியாது என்று கனகாம்பாள் கேள்விப்பட்டிருக்கிறாள்.

“இருடி, உன் கை ருசியா என் கை ருசியா, பாத்துடலாம்.”

தூளிக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே அடுப்பு முன்னால் உட்கார்ந்தாள். கிழங்கை அரைவேக்காடாக அவித்து வில்லை வில்லையாக நறுக்கினாள். இரும்புச் சட்டியில் கடலை எண்ணெய் விட்டுச் சிவக்கப் புரட்டினாள். வெல்லத்தைப் போட்டாள். அது பாகாகி, அடிபிடித்து, கரிந்து, வாயில் வைக்க முடியாமல் கசந்தது.

கொட்டிவிட்டு மறுபடி செய்தாள். இந்தத் தடவை சட்டியை இறக்கி வைத்த பிறகு, அந்தச் சூட்டிலேயே பொடித்த வெல்லமும் இடித்த கடலையும், துளி மிளகாய்த் தூளும் தூவி ஒரு குலுக்குக் குலுக்கினாள்.

வெல்லம் மாயமாக மறைந்தது. ஒவ்வொரு வில்லையும் பொன் தகடு மாதிரி மினுங்கியது. ஒன்றை வாயில் போட்டவள் அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள்.

‘அட, நானா செஞ்சேன் இத?’

டப்பா நிறைய வைத்து அனுப்பினாள். சாயங்காலம் வாசலிலேயே நின்று கேட்டாள்.

“வறுவல் எப்படிய்யா இருந்துச்சி?”

“நல்லாத்தான் இருந்துச்சி. ஆனா கனகா, தெனம் வைப்பியே, அந்தக் கைப்பக்குவம் இன்னிக்கி இல்ல.”

மறுநாள் மறுபடி ஊறுகாயை வைத்தாள். கங்கம்மா கூடையோடு கிளம்பியதும் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பின்னாலேயே புறப்பட்டாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் அங்காளம்மாள் நின்றிருந்தாள். அவள் கோழியைக் கனகாம்பாள் கல்லால் அடித்த நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. ஜாடைதான்.

“ஊட்ல அடங்கிக் கெடக்காம எங்க மேயப் போற?” என்றாள் அங்காளம்மாள், தன் கோழியிடம்.

“கண்ணு, சில பேருக்குப் பொழுதுக்கும் பேசினாலும் வாயே வலிக்காது பாரு” என்றாள் கனகாம்பாள், தன் குழந்தையிடம்.

ஸ்டேஷன் புங்கமரத்தடியில் கங்கம்மா கூடையை இறக்கினாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். வேறொரு டப்பாவைத் திறந்து, அதிலிருந்த வறுவலைக் கரண்டியால் எடுத்து ராஜவேலுவின் டப்பாவில் வைக்கப் போனாள்.

கனகாம்பாள் பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள்.

“என் புருசனுக்கு இன்னா மருந்துடி வைக்கிற?”

கங்கம்மா திகைத்தாள். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கரண்டியில் இருந்ததை அப்படியே தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

“உம் புருசன் மூஞ்சிக்கு மருந்து ஒண்ணுதான் கொறச்சல், போம்மா! உன் டப்பாவுல வெறும் ஊறுகான்னு ஒரு எடத்துல வாய்தவறிச் சொல்லிட்டேன். அன்னிலேர்ந்து அவங்க ஊட்டு டப்பாவுல சேத்துச் செஞ்சி வச்சி, பாதிய உன் டப்பாவுக்கு மாத்தச் சொல்றாங்க. நேத்து நீயே வச்சிருந்த, அதான் நான் வைக்கல.”

“யாரு அது?”

“சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேன்.”

“சொல்லலன்னா ஸ்டேஷனே கூடற மாதிரி கத்துவேன்.”

கங்கம்மா குரலைத் தாழ்த்தினாள்.

“உம் பக்கத்தூட்டு அங்காளம்மாதான்.”

கனகாம்பாளின் பிடி தளர்ந்தது.

“அந்தம்மாவா? தெனம் என்னைத் திட்டாம அதுக்குப் பொழுதே விடியாதே!”

“நானும் அதான் கேட்டேன். ‘ராவெல்லாம் புள்ள கத்துது, அவ எப்பத் தூங்கி எப்ப ஆக்குவா? புருசங்காரன் வெறும் சோத்தத் தின்னுட்டு வந்து அவளத் திட்டினா இன்னா பண்றது? அவளத் திட்டறதுக்கு நான் ஒருத்தி போதும்’னு சொல்லிடிச்சி.”