என்ன கிளாஸ்?

முதல் அடி முழங்காலில் விழுந்தது. மொட்டை மாடிக்குப் போகும் படியில் சுருண்டு விழுந்த காயாரோகணத்தைக் கரை வேட்டி கட்டிய இரண்டு பேர் ஆளுக்கொரு கையாகப் பிடித்து மேலே இழுத்தார்கள்.

காலையில்தான் கட்டடத்தின் சொந்தக்காரர் இராஜாங்கம் போனில் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். “தம்பி, ஆளுங்கட்சிக்காரன் கட்டடம் இது. ஏ கிளாஸ் வரலேன்னா உங்க கை உங்களுது இல்ல.”

ஒரத்தநாடு ரோட்டில் இருக்கும் அந்த அடுக்குமாடிக் கட்டடத்தைச் சென்னைக் கம்பெனி ஒன்று விலைக்குக் கேட்டிருந்தது. தரம் எப்படி, மார்க்கெட்டில் மற்ற கட்டடங்களோடு போட்டி போட்டு நிற்குமா என்று பார்த்து ஏ, பி, சி என்று சொல்வது எஞ்சினியர் காயாரோகணத்தின் வேலை. நெல் வயலில் மண்ணடித்துக் கட்டியது. தூணில் விரிசல், சுவரெல்லாம் ஓதம். சி-க்கு மேல் போட அவன் மனசு இடம் கொடுக்கவில்லை.

மாடிக் கதவோடு மதியம் அவன் வெகுநேரம் மல்லுக்கட்டியிருந்தான். இப்போது இருவரில் பெரியவன் அதைப் பார்க்காமலே லேசாகத் தூக்கி ஒரு தட்டு தட்டினான். திறந்துகொண்டது.

“என்ன கிளாஸ் போட்ட?”

“இன்னும் எழுதலண்ணே.”

இரும்புக் குழாய் தோளில் இறங்கியது. உள்ளே எலும்பு நொறுங்கும் சத்தம் அவன் காதுக்கே கேட்டது.

“புளுகுறான் வீரையண்ணே,” என்றான் மற்றவன். “பேன்ட் போட்ட தொரைக்கு ஒரு அடி பத்தாது.”

“எழுதாட்டி என்னடா, மனசுல வச்சிருப்பல்ல? யாரு சொல்லி என்ன எழுத வந்த? உன் வாயால சொல்லு.”

வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. நாகப்பட்டினத்தில் நிறைமாத வயிற்றோடு சௌந்தரநாயகி காத்திருப்பாள். “சாயங்காலம் வந்துடுவீங்கல்ல?” என்று சட்டைப் பொத்தானைப் போட்டபடியே கேட்டு அனுப்பியவள். பிறக்கப்போகும் பிள்ளையைத் தூக்க அவனுக்குக் கை வேண்டும்.

வீரையன் அவன் வலது கையைக் கைப்பிடிச் சுவரில் வைத்து அழுத்தினான். குழாய் ஓங்கி நின்றது.

“கடைசியா கேக்குறேன். என்ன கிளாஸ்?”

உண்மையைச் சொன்னால் கை போய்விடும். காயாரோகணம் கண்ணை மூடிக்கொண்டான்.

“ஏ! ஏ கிளாஸ்தாண்ணே! எம் பொண்டாட்டி மேல சத்தியமா ஏ-தான் போடுவேன்!”

பிடி தளர்ந்தது. அப்பாடா என்று கையை இழுத்துக்கொள்ளப் போனவன் நிமிர்ந்து பார்த்தான். வீரையனின் கண் கலங்கியிருந்தது. குழாய் முன்னைவிட உயரமாக எழும்பியது.

“எங்க வயலத்தான் அந்த இராஜாங்கம் புடுங்கினான்... ஏ கிளாஸ்னா வாடகை ஏறிடுமேடா, இங்க குடியிருக்குற நாங்க எங்கடா போவோம்?”