ஈரத்துக்கு இரண்டு கிலோ

மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில் மூன்று நாளாக மழையில்லை. சாயும் வெயிலில் கொழுந்துச் சாக்குகள் வரிசையாக நிறுவைக்கு வருகின்றன. தராசுக் கொக்கியில் துஷ்யந்தியின் சாக்கு ஆடி நிற்கிறது. பதினெட்டுக் கிலோ. நான் மைப்பேனாவால் அவள் துண்டுச் சீட்டில் பதினாறு என்று எழுதுகிறேன்.

“ரெண்டு எதுக்குக் கழிக்கிறீங்க?”

“ஈரத்துக்கு. எல்லாருக்கும் அப்படித்தான்.”

உயர்தர வகுப்பில் அளவையியல் படித்தபோது இவள் எனக்கு முன் வாங்கில் உட்கார்ந்திருந்தவள். தர்க்கத்துக்கு ஏன் அளவை என்று பெயர் வந்தது? அளத்தலில் பிறந்த சொல் அது, அளந்து பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது என்று முதல் நாள் எழுதினோம். நான் வராத நாள்களின் பாடங்களையெல்லாம் இவள் கொப்பியைப் பார்த்துத்தான் எழுதினேன். தன் அப்பா இறந்ததும் இவள் படிப்பை விட்டுக் கொழுந்தெடுக்கப் போனாள். நான் பரீட்சையில் சித்தியடைந்து இந்தத் தராசுக்கு வந்தேன்.

“ஈரமா இருந்தா கழிக்கலாம், சரி. நீங்க கழிச்சதுனால ஈரம்னு ஆயிருமா?”

குரலை உயர்த்தாமல் கேட்டுவிட்டு, ஒரு கைப்பிடிக் கொழுந்தை அள்ளி நான் எழுதிய சீட்டின் மேல் வைத்து அழுத்துகிறாள். பின்னால் நிற்கும் பெண்கள் என் முகத்தையே பார்க்கிறார்கள். கொழுந்தை ஒதுக்குகிறேன். ஈரம் பட்டாலே கரைந்துவிடும் மையில் எழுதிய பதினாறு கொஞ்சமும் கலையாமல் இருக்கிறது. அதைக் கையால் மூடிக்கொண்டு, “அடுத்தது” என்கிறேன்.