ஒஸ்டின் வந்த சத்தம்

ஒஸ்டின் காரின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

நாச்சியா அடுக்களையில் இருந்தபடியே காது கொடுத்தாள். தம்பி காலிதீனின் மொறிஸ் மைனர் என்றால் தையல் மெஷின்போலத் தடதடத்துக்கொண்டு வரும். இது அடிவயிற்றிலிருந்து உறுமுகிற சத்தம். அதே தெருச் சீனிமுகம்மதுவின் ஒஸ்டினேதான்.

காலையில் புருஷன் அச்சிமுகம்மது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது, இரண்டு கார்களும் வாசலுக்கு வந்துவிட்டன.

இரண்டில் எது நல்லது என்று அந்தத் தெருவில் கேட்கவே கூடாது. கேட்டால் இரவு இஷா தொழுகை வரைக்கும் கதை ஓடும். ஒஸ்டின் மணலில் புதையாது, சூறாவளியில் தென்னை விழுந்தும் அதன் கூரை நெளியவில்லை. ஆனால் பெற்றோலைக் குடித்துத் தீர்க்கும். மைனர் ஒரு போத்தல் பெற்றோலில் கல்முனைக்குப் போய் வந்துவிடும். ஆனால் மழை தூறினாலே இருமும்.

அச்சிமுகம்மது ஒஸ்டின் கட்சி. மச்சினனின் காரை நெருப்புப்பெட்டி என்றுதான் சொல்வார். வலியிலும் ஒஸ்டினுக்குத்தான் கை காட்டினார்.

நாச்சியாதான் மறித்தாள். மட்டக்களப்பு ஆசுபத்திரியில் யார் மௌத்தானாலும், ஜனாஸாவாக உடல் ஊருக்கு வருவது அந்த ஒஸ்டினில்தான். முன் சீற்றைக் கழற்றிவிட்டால் ஆளை நீட்டிப் படுக்கவைக்கலாம். மைனரில் அதற்கு இடமில்லை.

இடமில்லாத காரே போதும் என்று, பிடிவாதமாக அவரை மைனரில் ஏற்றிவிட்டாள்.

மதியம் லுஹர் தொழுகை முடிந்த நேரம் பக்கத்து வீட்டு ஜெமீலா வேலியால் எட்டி, ஒஸ்டின் மட்டக்களப்புப் பக்கம் போகிறது என்றாள். யார் கூப்பிட்டார்களோ தெரியாதாம். அப்போது கையில் எடுத்த சுளகு அரிசியில் நாச்சியா இன்னும் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

பின்னேரம் அசர் பாங்கும் சொல்லியாயிற்று.

ஒஸ்டின் மெதுவாக வந்தது. சீனிமுகம்மது மெதுவாக ஓட்டுகிறவன் இல்லை. அவன் வந்தால் கோழிகள் கூரையில் ஏறும். ஜனாஸா ஏற்றினால் மட்டும் இப்படி, ஆள் நடக்கிற வேகத்தில் வருவான்.

தெருவில் ஆண்களின் காலடி கூடியது. யாரோ மெல்ல, மெல்ல என்றார்கள்.

முந்தானையை முக்காடாக இழுத்துக்கொண்டு, வேலிக் கிடுகின் நீக்கலால் பார்த்தாள்.

ஒஸ்டினின் முன் சீற் இருந்த இடத்திலேயே இருந்தது. உள்ளே சீனிமுகம்மது மட்டும்.

பின்னால் ஒரு தோணிக் கயிறு. கயிற்றின் நுனியில் மைனர், பேச்சுமூச்சில்லாமல். காலிதீன் தலையைக் குனிந்துகொண்டு ஸ்டியறிங்கைப் பிடித்திருந்தான். பக்கத்தில் அச்சிமுகம்மது, கையை வெளியே போட்டுக்கொண்டு, சந்தைக்குப் போய் வருகிற மனிதர்போல.

நெஞ்சில் வெறும் வாய்வாம். டாக்குத்தர் ஒரு போத்தல் மருந்தோடு அனுப்பிவிட்டாராம். வருகிற வழியில் மழை தூறி, களுவாஞ்சிக்குடியில் கார் படுத்துவிட்டதாம்.

"மௌத்தானது ஒண்ட தம்பிட மைனர்தான் புள்ள," என்றார் இறங்கிக்கொண்டே.

நாச்சியா வாசலுக்கு வந்தாள். உன்னை மட்டக்களப்புக்கு யார் கூப்பிட்டது என்று சீனிமுகம்மதுவிடம் கேட்டாள்.

அவன் கயிற்று முடிச்சை அவிழ்த்தபடி, நிமிராமலே சொன்னான்.

"ஒருத்தரும் கூப்பிடல்ல ராத்தா. வடக்கால மழை கறுத்திச்சு. மைனர் எங்கயும் நிண்டிரும் எண்டு, பின்னால போனன்."